நாரும் பிசினும்: சேர்த்திப் பொருள் ஆக்கத்தின் அடிப்படை

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் கூரையைத் தாங்கி நிற்கும் பனைவளையையும் பனஞ்சிலாகையையும் அறியாதார் நம்முள் இலர். ஆயினும், அவற்றைத் தந்த மரத்தின் வெட்டுமுகத்தைக் கூர்ந்து நோக்கியவர் சிலரேயாவர். குறுக்கே தறித்த பனையின் முகத்தில், மென்மையான சோற்றியினூடே கரிய நிறமுடைய வன்மையான நார்கள் புள்ளி புள்ளியாகப் பரந்திருக்கும். அவை நடுவில் அருகியும் புறத்தே நெருங்கியும் காணப்படும். காற்று மரத்தை வளைக்கும்போது மிக்க தகைப்புக்கு ஆளாவது புறப்பகுதியே. நார் மிகுதியாக வேண்டப்படுவதும் அவ்விடத்திலேயே. வைரம் பாய்ந்த அப்புறப்பகுதியையே நம் முன்னோர் நெடுக்கே பிளந்து வளையாகவும் சிலாகையாகவும் கொண்டனர். குறுக்குவாட்டில் அதனைப் பிளத்தல் ஆகாது. நெடுக்கே பிளத்தலோ எளிது. நெடுக்கே தடவுவோன் கையிற் சிராய் ஏறுவதும் இதனாலேயே.

ஒன்றுக்கொன்று இயல்பில் வேறுபட்ட இரு பொருள்கள், தத்தம் உருவை இழவாமல், ஒன்றையொன்று தழுவி நின்று, தனித்தனியே இரண்டினாலும் ஆகாத காரியத்தைச் செய்யுமாயின் அக்கூட்டினைச் சேர்த்திப் பொருள் என்பர். அவற்றுள் வலிமை தருவது நார். நாரைச் சூழ்ந்து நின்று பிணிப்பது தாயம். பனையில் இவ்விரண்டையும் இயற்கை அமைத்தது. வைக்கோலை மிதித்துக் குழைத்த மண்சுவரில் அவற்றை மனிதன் அமைத்தான். இக்காலத்து மீன்பிடி வள்ளமும், காற்றாலையின் அலகும், ஆகாயவிமானத்தின் உடலும் அதே நெறியில் ஆக்கப்பட்டவை. சீனியும் நீரும் சேர்ந்த பாகு சேர்த்திப் பொருள் அன்று. அதில் ஒன்று மற்றொன்றிற் கரைந்து மறைகின்றது. கம்பியிட்ட கொங்கிரீட்டு, சேர்த்திப் பொருளேயாம்.

கலைப்பட்டதாரியான ஓர் ஆசிரியனுக்கு இப்பொருளில் என்ன அலுவல் என வினவுவாரும் உளர். உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டபின், ‘சேர்த்திப் பொருள் யாது?’ என்னும் வினாவுக்கு இரண்டு வரியில் விடை ஒப்புவிக்கும் மாணவர் பலரைக் காண்கின்றோம். அவ்விடை பிழையன்று. ஆனால் நாரும் பிசினும் கையில் அகப்பட்டால் என் செய்வது, எங்கே தவறு நேரும், நேர்ந்த தவற்றினால் விளைவது யாது என்பன அவ்விரண்டு வரியுள் அடங்கா. கடலை நம்பி வாழும் ஊர்கள் சூழ்ந்த நாட்டில் இவற்றை அறிதல் பொறியியலாளர்க்கு மட்டும் உரியதன்று.

முதற்கண் நாரைப் பற்றிச் சிறிது ஆராய்தல் வேண்டும். கண்ணாடி எளிதில் உடைவது. அதனை வலிமைக்கு உவமையாக எவருங் கூறார். அவ்வாறாகவும், கண்ணாடி நாரைக் கொண்டு வள்ளம் கட்டுவது எங்ஙனம்? இதற்கு விடை கண்டவர் இங்கிலாந்தின் ஃபான்பரோவிலிருந்த அரச விமான ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த ஏ. ஏ. கிறிஃபித் என்பவர். 1921இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, கண்ணாடி உடைவது அதன் இயல்பான வலிமைக் குறைவினால் அன்று, அதில் உள்ள நுண்ணிய வெடிப்புகளாலேயே எனக் காட்டியது. வெடிப்பின் நுனியில் தகைப்புத் திரண்டு பன்மடங்காகின்றது. அதனால் வெடிப்பு மேலும் ஓடுகின்றது. கண்ணாடியை மெல்லிய நாராக இழுக்குந்தோறும் பெரிய வெடிப்புகளுக்கு இடமின்றிப் போகின்றது. அவர் இழுத்த நார்களுள் மிக மெல்லியவை, பருமனான கண்ணாடியைப் பார்க்க ஏறக்குறைய இருபது மடங்கு வலிமையுடையனவாயிருந்தன.

வலிமை இருப்பினும் நார் தனித்து ஒன்றுக்கும் உதவாது. நூற்கற்றையை இழுக்கலாம், தள்ளுதல் இயலாது. ஆகவே நார்களை அவற்றின் இடத்தில் நிறுத்துதற்கும், ஒரு நார் அறுந்தால் அது சுமந்த பாரத்தை அயல்நார்களுக்குப் பகிர்தற்கும், அமுக்கப்படும்போது நார்கள் நெளியாமற் காத்தற்கும், நீரும் உராய்வும் அவற்றைத் தாக்காமல் மூடுதற்கும் ஒரு தாயம் வேண்டும். இன்னும் ஒரு நன்மையும் உண்டு. கண்ணாடித் தகட்டில் எழும் வெடிப்பு மறுகரை வரை ஓடிவிடும். நாரும் பிசினும் ஆகிய பலகையில் ஒரு நாரில் எழும் வெடிப்பு, பிசினை அடைந்ததும் திசைமாறி நாரின் நெடுக்கே சென்று ஓய்ந்துவிடும். உடையுந் தன்மையுள்ள இரு பொருள்கள் கூடி எளிதில் உடையாத ஒன்றை ஆக்குதல் இதனால் நிகழ்கின்றது.

அத்தகைய தாயம் கிடைத்தற்கு இரசாயன நூல் வளரவேண்டியிருந்தது. 1909இல் பேக்லண்ட் என்பவர் பேக்கலைற்று என்னும் செயற்கைப் பிசினை உலகுக்கு அறிவித்தார். வெப்பமும் அமுக்கமும் இன்றி அது இறுகாது ஆதலின், பெரிய பொருள்களை ஆக்குதற்கு எளிதிற் பயன்படவில்லை. சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாக ஊற்றி இறுகச் செய்யத்தக்க பொலியெஸ்ரர் பிசின் பின்னரே வந்தது. கண்ணாடி நாரைப் பெருந்தொகையாக இழுக்கும் முறை அமெரிக்காவில் 1930களில் கண்டறியப்பட்டது. இவ்விரண்டும் கூடியதும் காரியம் விரைந்தது. 1942இல் ஒகாயோ மாநிலத்தில் றே கிறீன் என்பவர் இவற்றால் ஒரு சிறு படகைச் செய்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானங்களின் ராடர்க் கருவியை மூடும் கவிகைகளும் இவற்றால் ஆக்கப்பட்டன. உலோகம் மறிக்கும் வானொலி அலைகளை இப்பொருள் மறிக்கமாட்டாது என்பதே அதற்குக் காரணம்.

இனி, இப்பொருளின் இயல்புகளுள் மாணவர் மறக்கலாகாதது அதன் திசைத்தன்மை. உருக்குத் தகட்டை எத்திசையில் இழுத்தாலும் அதன் விறைப்பு ஒன்றே. சேர்த்திப் பொருள் அங்ஙனமன்று. ஒரு பலகையின் கனவளவில் நூற்றுக்கு அறுபது பங்கு கண்ணாடி நார், நாற்பது பங்கு பிசின் எனக் கொள்வோம். நார்கள் யாவும் ஒரே திசையிற் கிடப்பன. கண்ணாடியின் யங்கின் மட்டு ஏறக்குறைய 72 கிகாபாஸ்கல், பிசினது 3.5 கிகாபாஸ்கல். நாரின் நெடுக்கே இழுக்கும்போது இரண்டும் ஒரே அளவு நீளும். ஆதலின் 72இல் அறுபது சதவீதத்தையும் 3.5இல் நாற்பது சதவீதத்தையும் கூட்ட, பலகையின் மட்டு 44.6 ஆகின்றது. குறுக்கே இழுக்கும்போதோ இரண்டும் ஒரே தகைப்பைச் சுமக்க, நீட்சியின் பெரும்பகுதி மெலிந்த பிசினிலேயே நிகழும். அவ்வவற்றின் பங்கை அவ்வவற்றின் மட்டால் வகுத்துக் கூட்டி, வருந்தொகையின் நேர்மாறைக் கண்டால், விடை 8.2 அளவில் அமையும். ஒரே பலகை, ஒரே நார், ஒரே பிசின். திசை மாறியதும் விறைப்பு ஐந்தில் ஒன்றினும் குறைந்தது. ஆகவே பாரம் எத்திசையில் வரும் என முன்னரே அறிந்து அத்திசைக்கு நாரை இடுவதே இத்தொழிலின் கணக்கு. பாரம் பல திசையினின்றும் வருமாயின் நாரையும் பல திசையில் அடுக்கவேண்டும். அவ்வாறு அடுக்கும்போது ஒரு திசைக்குக் கிடைக்கும் வலிமை குறையும். ‘உருக்கினும் பலமடங்கு வலிது’ என விளம்பரங்களிற் காணும் தொகை ஒரு திசை நாருக்கு உரியது. வாங்குவோன் பெறும் பண்டத்துக்கு அது அப்படியே பொருந்தாது.

இவற்றினும் மேலான வேறுபாடு ஒன்றுண்டு. அதனையே இக்கட்டுரையின் உயிராக யான் கருதுகின்றேன். கொல்லன் உலைக்கு வரும் இரும்பு, வருமுன்னரே இரும்பு. தச்சன் கைக்கு வரும் பலகை, வருமுன்னரே மரம். அதன் கணுவையும் வெடிப்பையும் அவன் கண்ணாற் கண்டு தள்ளலாம், கொள்ளலாம். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்த அன்னபூரணியின் ஓடாவிமார் மரத்தைத் தட்டிப் பார்த்துத் தெரிந்தெடுத்த மரபினர். சேர்த்திப் பொருளில் அங்ஙனந் தெரிந்தெடுத்தற்கு ஒன்றும் இல்லை. பட்டறைக்கு வருவன ஒரு சுருள் நாரும் ஒரு பீப்பாய்ப் பிசினுமே; பொருள் இன்னும் பிறக்கவில்லை. வள்ளம் உருவாகும் அந்த நாழிகையிலேதான் அதன் பொருளும் உருவாகின்றது. பண்டத்தைச் செய்வோனே பொருளையும் செய்கின்றான். அவன் கைசோர்ந்தால் வள்ளத்தின் வடிவம் கெடாது. அது அழகாகவே இருக்கும். கெடுவது உள்ளிருக்கும் பொருள்.

கையால் அடுக்கும் முறையில் வள்ளம் ஆகுமாற்றை இனி விரித்துரைப்பாம். இம்முறை இத்துறையில் மிகப் பழையது, எளியது. நம் நாட்டுக் கரைகளிற் காணும் ‘பைபர்’ வள்ளங்கள் பெரும்பாலும் இவ்வாறே ஆனவை.

முதலில் வள்ளத்தின் வடிவையொத்த மூலவுரு ஒன்று மரத்தாலும் பூச்சாலும் செய்யப்படும். அதன்மேல் நாரும் பிசினும் இட்டு எடுத்த எதிருருவே அச்சு. அச்சின் உட்புறம் கண்ணாடிபோல் மினுங்கவேண்டும்; அதிலுள்ள ஒவ்வொரு கீறலும் பின்னர் வரும் ஒவ்வொரு வள்ளத்திலும் பதியும். அச்சின் பக்கங்கள் சற்று விரிந்து சாய்ந்திருத்தல் வேண்டும். இல்லையேல் இறுகிய வள்ளம் வெளியே வராது. பிசின் அச்சில் ஒட்டாதிருத்தற்காக மெழுகைப் பூசித் துடைத்து மீண்டும் மீண்டும் பூசுவர்.

மெழுகின்மேல் முதலில் இடுவது நாரில்லாத நிறப்பிசின். பட்டறையார் இதனை ஜெல்கோட் என்பர். வள்ளம் வெளியே வந்தபின் கடலை நோக்கி நிற்கும் புறத்தோல் இதுவே. இதன் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். இதனினும் மெல்லியதாயின், மேலே இடும் பிசினிலுள்ள ஸ்ரைரீன் இதனைத் தாக்கி முதலைத்தோல்போற் சுருங்கச் செய்யும். தடித்தாலோ நாளடைவில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். அடுத்த அடுக்கை எப்போது இடலாம் என்பதை விரலால் தொட்டறிவர். விரலில் ஒட்டவேண்டும், ஆனால் விரலோடு வரலாகாது. நெடுநேரம் விடினும், பல நாள் விடினும் பிணிப்புக் கெடும்.

பின்னர் நார். வெட்டிய குறுநார்களைத் தாறுமாறாகப் பரப்பி ஒட்டிய பாய் ஒருவகை. நெடுநார்க் கற்றைகளை ஊடும் பாவுமாக நெய்த துணி மற்றொருவகை. முன்னையதை ‘மெட்’ எனவும் பின்னையதை ‘றோவிங்’ எனவும் பட்டறைகளில் வழங்குவர். பாய் ஒரு சதுர மீற்றருக்கு 300 கிராம், 450 கிராம் என்றவாறு நிறையால் விற்கப்படும். 450 கிராம் பாய் ஒன்று பிசினுடன் இறுகியபின் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பைத் தரும். பாயின் நார்களை ஒட்டியிருக்கும் பசை ஸ்ரைரீனிற் கரைவது; ஆதலினாலேயே நனைந்த பாய் மெத்தென்று வளைவுகளிற் படிகின்றது.

இடும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. முதலிற் பிசினைப் பூசி, அதன்மேற் பாயை விரித்து, பிசின் கீழிருந்து மேலேறும்படி அழுத்தவேண்டும். அப்போது நார்களிடையேயுள்ள காற்று மேனோக்கி வெளியேறும். உலர்ந்த பாயின்மேற் பிசினைக் கொட்டுவோன் காற்றை உள்ளே சிறைப்படுத்துகின்றான். அதன்பின் வரித்த உலோக உருளையால் மீண்டும் மீண்டும் உருட்டுவர். நனையாத பாய் வெண்மையானது. நன்றாக நனைந்த பாய் கண்ணுக்குத் தோன்றாது மறைந்துவிடும். எண்ணெய் பட்ட கடதாசி ஒளியை விடுவதுபோன்றதே இது. கண்ணாடியின் முறிவுக்குணகமும் பிசினின் முறிவுக்குணகமும் ஏறக்குறைய ஒன்றாதலால், இரண்டினிடையே ஒளி முறியாமற் செல்கின்றது. காற்று எஞ்சிய இடத்தில் மட்டும் ஒளி சிதறி வெண்புள்ளி தெரியும். ஆகவே வெண்புள்ளியைத் தேடி உருட்டுவதே கைவினையின் சாரம். பௌதிக வகுப்பில் ஒளிமுறிவைக் கற்பிப்போர் இதனினும் நல்ல எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை. அடுக்குப் பிசினிலும் நிறத்தைக் கலந்துவிட்டால் இந்தச் சோதனை இல்லாமற்போம் என்பதும் கருதத்தக்கது.

பிசின் மிகுந்தாற் பண்டம் வலிதாகும் என்பது பட்டறைகளிற் பரவிய ஒரு மயக்கம். வலிமை நாரில் உள்ளது. பிசின் மிகுந்தால் நிறையும் சுருக்கமும் வெடிப்புமே மிகும். குறைந்தாலோ நார் உலர்ந்து நின்று நீரை உறிஞ்சும். பாயினால் ஆன அடுக்கில் நிறையால் நூற்றுக்கு முப்பது பங்கும், நெய்த துணியினால் ஆன அடுக்கில் நாற்பத்தைந்து முதல் ஐம்பது பங்கும் நார் இருத்தல் வழக்கம். நாரை முன்னரே நிறுத்து அதற்குரிய பிசினை அளந்தெடுக்கும் பட்டறை நல்ல பட்டறை எனத் துணிந்து கூறலாம்.

பிசின் இறுகுவது உலர்தலினால் அன்று; அது இரசாயனத் தாக்கம். பொலியெஸ்ரரின் நீண்ட சங்கிலிகளை ஸ்ரைரீன் மூலக்கூறுகள் குறுக்கே இணைத்து வலையாக்குகின்றன. இதனைத் தொடங்கி வைப்பது மெதைல் எதைல் கீற்றோன் பேரொட்சைட்டு. இதனையே பட்டறையார் ஹார்டனர் என்பர். பிசினின் நிறையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு இடுவர். சாதாரண வெப்பநிலையில் இதனைச் செயற்படச் செய்வது ஆர்முடுக்கியாகிய கோபால்ற்று உப்பு. இவ்விரண்டையும் பிசினின்றி நேரே கலத்தல் ஒருபோதும் ஆகாது, கலப்பின் வெடிக்கும். ஒன்றைப் பிசினில் நன்கு கலந்தபின்னரே மற்றதைச் சேர்க்கவேண்டும். பேரொட்சைட்டு கண்ணிற் பட்டாற் பார்வை போகும் என்பதையும் இளைஞர்க்குச் சொல்லிவைக்கவேண்டும்.

இத்தாக்கம் வெப்பத்தை வெளிவிடுவது. வாளியில் மிகுதியாகக் கலந்துவைத்த பிசின் புகைந்து வெடித்துப்போவதும், பல அடுக்குகளை ஒரே மூச்சில் இட்டாற் பலகை வெந்து வளைவதும் இதனாலேயே. நம் நாட்டு வெயிலில் இறுகுதல் விரைந்து நிகழும். அதற்கு அஞ்சி ஹார்டனரை அளவுக்குமேற் குறைப்பார் உளர். அப்போது வலை முற்றுப்பெறாது, பிசின் என்றும் மெலிந்தே இருக்கும். காலைக் குளிர்ச்சியில் வேலையைத் தொடங்குதலும் சிறிது சிறிதாகக் கலத்தலுமே தக்க வழி. மழைநாளின் ஈரமும் நார்க்கு ஆகாது.

காற்றுப் படும் முகத்தில் பொலியெஸ்ரர் முற்ற இறுகாது. ஒட்சிசன் அத்தாக்கத்தைத் தடுக்கின்றது. இதனால் அடுக்கின் மேல்முகம் சற்றுப் பசையாகவே இருக்கும். இது குறையன்று, நன்மை. அந்தப் பசைமுகத்தின்மேல் மறுநாள் இடும் அடுக்கு இரசாயனப் பிணிப்பால் ஒன்றாகிவிடும். பல நாள் கழித்தோ, மெழுகு கலந்த கடைசிப் பூச்சின் மேலோ ஒட்டவேண்டுமாயின் முகத்தைக் கரடாக அராவிய பின்னரே ஒட்டவேண்டும். பழுதுபார்த்த வள்ளங்களில் ஒட்டுத்துண்டு தோலாக உரிந்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அராவாமையே.

விறைப்பைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பாயினால் ஆன அடுக்கின் மட்டு ஏறக்குறைய 7 கிகாபாஸ்கல், உருக்கினது 200. எனவே பைபர்ப் பலகை உடையாவிடினும் வளையும். ஆனால் வளைவுக்கெதிரான விறைப்பு, தடிப்பின் முப்படியாக ஏறுவது. தடிப்பை இருமடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். இதனால் இரண்டு மெல்லிய நாரடுக்குகளுக்கிடையே பாரமற்ற நுரையையோ மென்மரத்தையோ வைத்துத் தடிப்பைப் பெருக்குவர். குறுக்கே வங்குக்கால் இடுவதும் இக்காரணம் பற்றியே. கூரிய மூலைகளில் பாய் படியாது, காற்றுத் தங்கும். ஆதலால் மூலைகள் யாவும் உருண்டிருத்தல் வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கைக் கரைகளில் ஆயிரக்கணக்கான வள்ளங்களை அழித்தது. தொழிலிழந்த மீனவர்க்கு வள்ளம் வழங்க உலகெங்குமிருந்து பணம் வந்தது. வள்ளங்கள் விரைவாக வேண்டப்பட்டன; முன்னனுபவமில்லாப் பட்டறைகளும் தோன்றின. அவ்வாறு வழங்கப்பட்டவற்றுட் பல தரங்குறைந்தன என்பதை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் எடுத்துக்காட்டி, வள்ளங் கட்டுவோர்க்குப் பயிற்சியும் வழிகாட்டி நூல்களும் தரவேண்டியதாயிற்று. கொடுத்தவர் கண்டது பளபளக்கும் நிறத்தை; கொண்டவர் கடலில் இறக்கியது அதன் உள்ளடுக்கை. நாற்புறமும் நீர் சூழ்ந்த இடத்தில் வெண்புள்ளியின் பொருள் வேறு.

நீரும் ஒரு சோதனையாளனே. ஜெல்கோட்டினூடாக நீராவி மெல்ல மெல்ல உட்புகும். அங்கே காற்றுக் குமிழும், முற்றிலும் இறுகாத பிசினின் கரையத்தக்க பகுதிகளும் இருக்குமாயின் அவற்றைக் கரைத்துச் செறிந்த கரைசலாக நிற்கும். பின்னர்ப் பிரசாரணத்தால் மேலும் நீர் ஈர்க்கப்பட்டு அமுக்கம் உயர, புறத்தோல் கொப்புளங்களாக எழும். உயிரியல் வகுப்பில் வேர்மயிருக்கு உரைக்கும் விதியே இங்கும் செயற்படுகின்றது.

கைவினையில் எஞ்சும் காற்றை முற்ற நீக்குதற்கு எழுந்தவையே ஏனைய முறைகள். அச்சிற் கிடக்கும் உலர்ந்த நாரைக் காற்றுப்புகாத மென்றாளால் மூடி, ஓரங்களை ஒட்டி, உள்ளிருக்கும் காற்றைப் பம்பியால் இழுத்துவிட்டால், வளிமண்டலமே அதனை அழுத்தும். அவ்வமுக்கம் ஒரு சதுர மீற்றருக்குப் பத்துத் தொன் அளவினது. ஆயிரம் உருளைகளாலும் ஆகாத காரியம் இது. அந்நிலையில் ஒரு குழாயைத் திறந்தால் பிசின் தானாகவே நாரினூடே பரந்து செல்லும். ஸ்ரைரீன் ஆவியும் தொழிலாளர் மூச்சிற் கலவாது. பெரிய வள்ளங்களும் காற்றாலை அலகுகளும் இக்காலத்தில் இம்முறையிற் பெரிதும் ஆக்கப்படுகின்றன. மென்றாளில் ஓர் ஊசித்துளை இருந்தாலும் முயற்சி முழுவதும் வீணாகும்.

விமானத் தொழில் இதற்கும் அப்பாற் சென்றது. அங்கே காபன் நாரும் எப்பொக்சிப் பிசினும் ஆலையிலேயே அளவாகச் சேர்க்கப்பட்டு நாடாவாக வரும். இறுகாதிருத்தற்பொருட்டு உறைகுளிரில் வைக்கப்படும். அதனை அடுக்கி, வெற்றிடப் பையில் மூடி, அமுக்கவடுப்பில் இட்டு, 120 முதல் 180 பாகை செல்சியசு வரை சூடேற்றி, வளிமண்டலத்தின் ஆறேழு மடங்கு அமுக்கத்தில் வேகவைப்பர். 2009இற் பறக்கவிடப்பட்டு 2011இற் சேவைக்கு வந்த போயிங் 787 விமானத்தின் கட்டமைப்பு நிறையில் ஏறக்குறையப் பாதி இத்தகைய பொருள்களே. அதன் உடற்பகுதிகள், சுழலும் அச்சொன்றின்மேல் பொறி நாடாவை இட்டுச் செல்ல, முழுக் குழாய்களாகவே ஆக்கப்படுகின்றன.

குழாய்க்கும் தாங்கிக்கும் நாரைச் சுற்றும் முறை உண்டு. இதில் கணித ஆசிரியர்க்கு உவப்பான ஒரு செய்தி உளது. இருமுனையும் மூடிய உருளையுள் அமுக்கம் ஏறும்போது, சுற்றளவின் வழியே எழும் தகைப்பு நெடுக்கே எழுவதன் இருமடங்கு. எனவே இரண்டையும் நாரே சுமக்கவேண்டுமாயின், அச்சுடன் நார் அமைக்குங் கோணத்தின் தான்சனின் வர்க்கம் இரண்டாதல் வேண்டும், அக்கோணம் 54.7 பாகை. நாரை அச்சுத்துவாரமொன்றினூடே இழுத்து நெடிய கோல்களை ஆக்கும் முறையும், மூடிய இரட்டை அச்சினுட் பிசினைச் செலுத்தும் முறையும் பிற. அவற்றின் நோக்கம் ஒன்றே ஆதலின் விரித்திலேன்.

பெயர்பெற்ற நிறுவனங்களுக்கும் இப்பொருள் பாடம் புகட்டியுள்ளது. றோல்ஸ் றோய்ஸ் நிறுவனம் தனது ஆர்பி 211 இயந்திரத்தின் முன்விசிறி அலகுகளைக் காபன் நாரால் ஆக்க முயன்றது. நிறை குறைந்தது, இழுவையைத் தாங்கியது. ஆனால் 1970இல் பறவை மோதுதலைச் சோதித்தபோது அவ்வலகுகள் தாங்கவில்லை. பக்கவாட்டில் வரும் அடிக்கு அந்நாரடுக்கு உரியதன்று. தைற்றேனிய அலகுகளுக்குத் திரும்பவேண்டியதாயிற்று. செலவு பெருகிய அந்நிறுவனம் 1971 பெப்ரவரியில் முறிந்து, அரசின் கைக்குப் போயிற்று. அலகுகள் மட்டுமே காரணமல்ல எனினும் அவையும் ஒரு காரணம்.

இன்னும் அண்மையது டைற்றன் என்னும் ஆழ்கடற்கலத்தின் கதை. 2023 யூன் 18ஆந் திகதி, டைற்றானிக் கப்பல் கிடக்கும் இடத்தை நோக்கி அத்திலாந்திக்கில் இறங்கிய அக்கலம் நசுங்கி, அதிலிருந்த ஐவரும் மாண்டனர். அதன் உருளையுடல் ஏறக்குறைய ஐந்து அங்குலத் தடிப்புள்ள காபன் நாரடுக்கு. நார் இழுவிசைக்கு மிக உகந்தது; ஆழ்கடலோ வெளியிலிருந்து அமுக்குவது. அமுக்கத்தில் நாரை நெளியவிடாமற் காப்பது பிசினே. அடுக்குகளிடையே காற்றறைகளும் மடிப்புகளும் இருப்பின் அக்காவல் தளரும். அவ்வுடல் ஓரங்குல அடுக்குகளாக ஒன்றன்மேலொன்று சுற்றி வேகவைக்கப்பட்டது. அதன் பகுதிகளில் மடிப்பும் நுண்டுளைகளும் வெற்றறைகளும் காணப்பட்டன என 2024இல் நடந்த பகிரங்க விசாரணையில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் பொறியியலாளர் சான்று கூறினர். 2022 யூலையில் மேலெழும்போது கேட்ட ஒரு பேரோசையைக் கலத்தின் உணரிகளும் பதிவுசெய்திருந்தன. அதற்குப் பின்னரும் கலம் கடலில் இறக்கப்பட்டது. உலோகம் பெரும்பாலும் முறியுமுன் நீண்டோ வளைந்தோ அறிவிக்கும். நாரடுக்கு அறிவிக்கும் முறை வேறு. உள்ளடுக்கின் பிரிவைக் கண் காணாது. நாணயமொன்றால் தட்டி ஒலியின் வேறுபாட்டைக் கேட்டறிவது எளிய வழி. நல்ல இடம் கணீரென்றும், அடுக்கு விட்ட இடம் மழுங்கியும் ஒலிக்கும். கடந்தொலி அலைகளால் ஆராய்வது நுட்பமான வழி. வள்ளம் வாங்கப்போகும் ஒருவர் கையில் நாணயமேனும் இருத்தல் நன்று.

தொழிலாளரின் உடல்நலமும் இதன் ஒரு பகுதி. ஸ்ரைரீன் ஆவி கண்ணையும் தொண்டையையும் உறுத்தித் தலைச்சுற்றைத் தருவது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2018இல் அதனைப் ‘புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாகப் பெரிதும் கருதத்தக்கது’ என்னும் வகையிற் சேர்த்தது. இறுகிய பலகையை அராவும்போது எழும் தூள் தோலை அரிக்கும், மூச்சையும் பாதிக்கும். மூடிய கொட்டிலில் முகமூடியின்றி, வெறுங்கையை அசற்றோனிற் கழுவிக்கொண்டு பிசினைப் பூசும் இளைஞரை நம் நாட்டில் எங்குங் காணலாம். கொட்டிலின் இருபுறத்தையுந் திறந்துவிடுதற்குப் பணம் வேண்டியதில்லை.

ஆயுள் முடிந்த வள்ளங்களை என் செய்வது என்னும் வினா இன்னும் முழுமையாகத் தீர்ந்தபாடில்லை. மரவள்ளம் உக்கி மண்ணாகும், இரும்பை உருக்கலாம். வலையாக இறுகிய பிசின் உருகாது, கரையாது, உக்காது. ஜெர்மனியில் பழைய காற்றாலை அலகுகளை நொறுக்கிச் சீமெந்துச் சூளைகளில் இடுகின்றனர். பிசின் எரிந்து வெப்பமாகின்றது, கண்ணாடியின் சிலிக்கா சீமெந்தோடு சேர்கின்றது. நம் கரைகளிலோ அவை அலரிப் பற்றைகளிடையே கவிழ்ந்து கிடக்கின்றன. நிறம் மங்கி, நார் வெளித்தெரிய, மழைநீரை ஏந்திக்கொண்டு.